போற்றிய கையே தூற்றியது!

மன்னன் புகழ் பாடிப் பொற்கிழி பெற்றோர் உண்டு. மன்னனை இடித்துரைத்துச் சிறை புகுந்தோரும் உண்டு. ஒரே மன்னனை, ஊரறிந்த ஏட்டிலே ஆண்டவன் அருள் பெற்றவன் என்று போற்றியும், ஒளித்து வைத்த ஏட்டிலே மனித உருவில் வந்த பேய் என்று தூற்றியும் எழுதிச் சென்றவன் ஒருவன் உண்டு. இரண்டையும் எழுதியது ஒரே கை. அந்தக் கைக்குரியவன் பெயர் புரோகோப்பியஸ்.

கி.பி. 500-ஐ ஒட்டிப் பாலத்தீனத்துச் செசரியா நகரிலே பிறந்தவன். சட்டம் பயின்றவன். 527-ஆம் ஆண்டு முதல் பெலிசாரியஸ் என்னும் படைத்தலைவனுக்குச் செயலாளனாய், சட்டத் துணைவனாய் உடனிருந்தவன். அந்தப் படைத்தலைவன் பணிந்து நின்ற பேரரசன் ஜஸ்டினியன். 527 முதல் 565 வரை அவனது ஆட்சி. தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல்.

அந்தப் பேரரசின் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நாம் அதனைப் பைசாந்தியப் பேரரசு என்கிறோம். அந்நாட்டு மக்கள் அந்தப் பெயரால் தம்மை அழைத்துக்கொண்டதில்லை. பேசியது பெரும்பாலும் கிரேக்கம். சொல்லிக்கொண்டது ரோமர் என்று. அந்த அரசு 1453-இல் துருக்கியரிடம் வீழ்ந்து நூறாண்டு கழிந்த பின், 1557-இல் ஹிரோனிமஸ் வொல்ஃப் என்னும் ஜெர்மானியப் புலவர் வெளியிட்ட தொகுப்பு நூலைத் தொடர்ந்து பரவிய வழக்கு, பைசாந்தியம் என்பது. செத்தவனுக்குப் பிறர் சூட்டிய பெயர்! பெயரே பிறர் தந்ததென்றால், வரலாறு யார் தந்தது என்று கேட்பது பகுத்தறிவாளர் கடமை. அந்தக் கேள்வியோடுதான் புரோகோப்பியஸின் ஏடுகளைப் புரட்டுகிறோம்.

அவன் எழுதியவை மூன்று. முதலாவது, போர்களின் வரலாறு, எட்டுப் பகுதிகள். பாரசீகரோடும், ஆப்பிரிக்காவில் வாண்டல்களோடும், இத்தாலியில் காத்தியரோடும் ஜஸ்டினியன் நடத்திய போர்களை அது கூறும். இரண்டாவது, கட்டடங்கள் பற்றிய நூல். மன்னன் எழுப்பிய கோயில்கள், கோட்டைகள், பாலங்கள், நீர்த்தேக்கங்கள் ஆகியவற்றின் புகழ்மாலை. மூன்றாவது, வெளியிடப்படாத நூல். மறைநூல் என்று நாம் அழைக்கலாம். ஏறத்தாழ 550-இல் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. அந்தக் கணிப்பு சரியென்றால், தூற்றி எழுதிய பிறகும் அதே கை போற்றி எழுதியிருக்கிறது!

மறைநூல் உலகின் கண்ணில் படப் பல நூற்றாண்டுகள் ஆயின. பத்தாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அதைப் பற்றிய குறிப்பு மட்டும் இருந்தது. வாட்டிகன் நூலகத்திலே கையெழுத்துப்படி கண்டெடுத்து, அலெமான்னி என்னும் அறிஞர் 1623-இல் அச்சேற்றினார். ஐரோப்பா அதிர்ந்தது. சட்டம் தொகுத்த மேதை என்றும், கிறித்தவ மன்னர்க்கெல்லாம் மாதிரி என்றும் போற்றப்பட்ட ஜஸ்டினியனா இவன் என்று திகைத்தது.

நம் தோழர்களில் பலர் இந்த மறைநூலைப் படித்தால் துள்ளிக் குதிப்பர். ஏன் குதிக்கமாட்டார்கள்? அரண்மனையின் அழுக்கை அம்பலமாக்குகிறது. பக்திமான் எனப்பட்ட பேரரசனைக் கொள்ளைக்காரன் என்கிறது. இதைவிட நமக்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். நமக்குப் பிடித்தமானதைச் சொல்கிறது என்பதற்காக ஒரு நூல் மெய்ந்நூல் ஆகிவிடாது. புகழ்மாலையை உரைகல்லில் உரசும் நாம், வசைமாலையையும் அதே கல்லில் உரசத்தான் வேண்டும்.

முதலில் புகழ்மாலை. ஹாகியா சோபியா என்னும் பெருங்கோயிலைப் பற்றிய பகுதி அந்நூலிலே பெயர் பெற்றது. 532-இல் தொடங்கி 537-இல் முடிந்த கட்டடம் அது. குறுக்களவு முப்பது மீட்டருக்கு மேற்பட்ட குவிமாடம். அமைத்தவர் இருவர்: திராலெஸ் நகரத்து அந்தெமியஸ், மிலேட்டஸ் நகரத்து இசிடோர். இருவரும் வெறும் கொத்தர்கள் அல்லர், கணித வல்லுநர்கள். ஒளியைக் குவித்து எரிக்கும் கண்ணாடிகள் பற்றி நூல் எழுதியவன் அந்தெமியஸ்.

இந்த இருவருடைய அறிவையும் புரோகோப்பியஸ் பாராட்டத்தான் செய்கிறான். ஆனால் நெருக்கடி வரும்போது என்ன எழுதுகிறான்? எழும்பிக்கொண்டிருந்த வளைவொன்றின் பாரம் தாங்காமல் தூண்கள் விரிசல் காணத் தொடங்கினவாம். கணித மேதைகள் கலங்கி மன்னனிடம் ஓடினராம். மன்னனோ, கடவுள் தூண்டியதால், வளைவை நிறுத்தாமல் முழுதும் கட்டி முடியுங்கள், அது தன்னைத் தானே தாங்கும் என்றானாம். அப்படியே ஆயிற்றாம்!

கற்ற கணக்கறிவெல்லாம் கைகட்டி நிற்க, கட்டட நூல் கல்லாத மன்னன் வாயில் ஆண்டவன் வந்து அமர்ந்து வழி சொன்னான் என்பது கதை. கதையின் பயன் யாருக்கு? உழைப்பு கொத்தனுக்கு, கணக்கு அந்தெமியஸுக்கு, புகழ் மட்டும் மன்னனுக்கும் அவனைத் தூண்டிய கடவுளுக்கும்! 558-இல், நிலநடுக்கங்களால் நலிந்திருந்த குவிமாடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. அப்போது எந்த அசரீரியும் கேட்கவில்லை. மூத்த இசிடோரின் உறவினனான இளைய இசிடோர் கணக்கைத் திருத்தி, மாடத்தை முன்னதைவிட உயரமாக அமைத்தான். இன்றும் அங்கே நிற்கும் மாடத்தின் அமைப்பு அவன் தந்தது. பிழை கண்டு திருத்தும் அறிவுதான் காத்தது, அருள்வாக்கு அல்ல.

இனி, இரண்டு ஏடுகளையும் அருகருகே வைப்போம். எடெஸ்ஸா நகரின் நடுவே ஓடியது ஸ்கிர்ட்டஸ் என்னும் ஆறு. பெருவெள்ளம் வந்து நகரைச் சிதைத்தது. கட்டட நூலிலே, அந்த வெள்ளம் ஜஸ்டினியனின் பெருமைக்குச் சான்று. ஆற்றுக்குப் புது வழி வெட்டி நகரைக் காத்தான் மன்னன் என்கிறது நூல். மறைநூலிலே, அதே வெள்ளம் அதே மன்னனின் தீமைக்குச் சான்று. அவன் பேயாகையால், அவன் காலத்தில் ஆறுகள் பெருகின, நிலம் நடுங்கியது, கொள்ளைநோய் பரவியது என்கிறது. ஆறு ஒன்று, வெள்ளம் ஒன்று, எழுதியவன் ஒருவன். ஒரு பக்கம் மன்னன் தெய்வத் துணையால் வெள்ளத்தைத் தடுக்கிறான். மறுபக்கம் மன்னன் பேய்த்தன்மையால் வெள்ளத்தை வரவழைக்கிறான். மலையிலே மழை மிகுந்தால் ஆற்றிலே நீர் பெருகும் என்ற எளிய உண்மைக்கு இரண்டு இடத்திலும் வேலையில்லை!

மற்றொன்று இன்னும் ஆழமானது. பொதுமகளிர் வாழ்வினின்று மீட்கப்பட்ட பெண்களுக்காக, மனமாற்றம் எனப் பொருள்படும் பெயரில் ஓர் இல்லத்தை மன்னனும் அரசி தியோடோராவும் அமைத்தனர். கட்டட நூல் இதனை வானளாவப் புகழ்கிறது: வறுமையால் வழுக்கிய பெண்களுக்கு வாழ்வளித்தனர் என்கிறது. மறைநூலோ, ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்களைப் பிடித்து அங்கே அடைத்தனர், சிலர் அந்த வாழ்வைத் தாங்காமல் இரவிலே உயரத்திலிருந்து குதித்தனர் என்கிறது.

எது மெய்? இரண்டிலும் மெய்யின் ஒரு கீற்று இருக்கலாம் என்பதே நம் எண்ணம். வறுமை அவர்களைச் சந்தையில் நிறுத்தியது. அரசாங்கம் அவர்களைச் சுவருக்குள் நிறுத்தியது. அந்த ஐந்நூறு பெண்களின் மனம் என்ன என்று கேட்டவர் யார்? ஓர் ஏட்டில் அவர்கள் மன்னனின் கருணைக்கு அணிகலன். மற்றோர் ஏட்டில் மன்னனைக் குத்துவதற்கு ஈட்டி. இரண்டிலும் அவர்கள் மனிதர்களாக இல்லை. திறனாய்வாளர்கள் இரு ஏடுகளின் முரண்பாட்டைப் பற்றி நிறையப் பேசுவர். முரண்பாட்டைவிட இந்த ஒற்றுமையே நமக்கு அதிகம் உறுத்துகிறது.

மறைநூலின் பேய்க்கதைகளுக்கு வருவோம். இரவிலே அரியணையிலிருந்து எழுந்து மன்னன் உலாவியபோது தலை மறைந்து முண்டம் மட்டும் நடந்ததாம். முகம் உருவற்ற சதைப்பிண்டமாய் மாறியதாம். மன்னனைக் காண வந்த துறவி ஒருவர், அரியணையில் பேய்களின் அரசன் இருக்கக் கண்டு வாயிலிலேயே திரும்பிவிட்டாராம். யார் கண்டது? பெயரில்லாத சிலர்! யாரிடம் சொன்னது? வரலாற்றாசிரியனிடம்! கணக்கும் அப்படித்தான். ஜஸ்டினியனால் மாண்டவர் தொகையைப் பதினாயிரங்களைப் பதினாயிரத்தால் பெருக்கி, மீண்டும் பதினாயிரத்தால் பெருக்கிச் சொல்கிறான். அது ஓர் இலட்சம் கோடி! உலகம் தோன்றிய நாள் தொட்டு இன்றுவரை பிறந்த மக்களைக் கூட்டினாலும் அத்தொகை தேறாது. ரோமப் பேரரசின் தளர்ச்சியையும் வீழ்ச்சியையும் எழுதிய கிப்பன், ஒரு பதினாயிரத்தை நீக்கிவிட்டால் பத்துக் கோடியாகும், அது ஏற்கத்தகாததன்று என்று சமாதானம் கூறிப் பார்த்தார். தவறான கணக்கைத் திருத்தி நம்புவதைவிட, நம்பாமல் இருப்பது எளிது.

இப்போது தியோடோரா. மறைநூலின் நஞ்செல்லாம் சொட்டுவது அவள்மீதுதான். அவள் தந்தை அகாகியஸ், தேர்ப்பந்தயக் களத்திலே பச்சைக் கட்சியாருக்காகக் கரடிகளைக் காத்தவன். அவன் இறந்தான். தாய் மறுமணம் செய்துகொண்டு, அந்த வேலையைப் புதுக் கணவனுக்குக் கேட்டாள். கையூட்டு வாங்கிய அதிகாரி வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். தாய், சிறுமியர் மூவருக்கும் தலையிலும் கையிலும் மாலை சூட்டி, கூட்டம் நிறைந்த களத்தின் நடுவே இரவலராய் அமர வைத்தாள். பச்சைக் கட்சியினர் முகம் திருப்பிக்கொண்டனர். எதிர்க்கட்சியான நீலக் கட்சியினர் வேலை கொடுத்தனர்.

மறைநூல் முழுவதிலும் நம் நெஞ்சைத் தொடும் பக்கம் இதுதான். புரோகோப்பியஸ் இதனை இரக்கத்துக்காக எழுதவில்லை, இழிவுக்காக எழுதினான். கரடிக்காரன் மகள், மேடையில் ஆடியவள், அரியணையில் அமர்ந்தாளே என்பது அவன் ஆத்திரம். கூத்தாடி என்ற சொல்லை வசையாக எறிவோர் எல்லா நாட்டிலும் இருந்திருக்கின்றனர்! அதன்பின் அவளுடைய மேடை வாழ்வைப் பற்றி அவன் எழுதும் பகுதிகளில் சிலவற்றை அலெமான்னி அச்சிடவே கூசி விட்டுவிட்டார். கிப்பனோ, கிரேக்கம் கற்றவர் மட்டும் சுவைக்கட்டும் என்று அடிக்குறிப்பில் கிரேக்கத்திலேயே விட்டுவைத்தார். கூசியவரும் சுவைத்தவரும் உண்டு. சான்று எங்கே என்று கேட்டவர் குறைவு.

அவள் மேடையிலிருந்து வந்தவள் என்பது பொய்யன்று. அவளைப் போற்றிய எபேசஸ் நகர யோவான் என்னும் சிரியாக் மொழி எழுத்தாளரே, அவள் விலைமகளிர் இல்லத்திலிருந்து வந்தவள் என்பதை ஒரு வரியில் குறிப்பிடுகிறார். ஆனால் அவர் அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறார். புரோகோப்பியஸோ அதிலேயே புரள்கிறான். செய்தி ஒன்று, பார்வைதான் வேறு.

அவள் பிறந்த உலகம் எப்படிப்பட்டது என்பதற்குச் சட்ட ஏடுகளே சான்று. நடிகையை உயர்குலத்தான் மணக்கத் தடை இருந்தது. ஜஸ்டினியனின் மாமன் ஜஸ்டின் காலத்தில்தான், மேடையை விட்டவளுக்கு அத்தடை நீங்கியது. தரகர்கள் நாட்டுப்புறங்களில் திரிந்து, செருப்பும் சேலையும் தருவதாக ஏழைச் சிறுமியரை ஏய்த்துத் தலைநகருக்குக் கொணர்ந்து, முறிச்சீட்டு எழுதி வாங்கி அடைத்து வைத்தனர். பத்து வயது நிரம்பாதவர்கூட அவர்களில் இருந்தனர் என்று 535-இல் ஜஸ்டினியன் பிறப்பித்த சட்டமே கூறுகிறது. அந்தத் தரகர்களைப் பற்றி மறைநூல் சீறவில்லை. அந்தச் சந்தைக்கருகே வளர்ந்து தப்பிய ஒருத்தியைப் பற்றிச் சீறுகிறது. இது புரட்சி எழுத்தா?

ஜஸ்டின்மீதும் இதே இளக்காரம். உழவர் வீட்டு இளைஞன். வறுமை தாங்காமல், மேலாடையில் ரொட்டித் துண்டுகளை முடிந்துகொண்டு தலைநகருக்கு நடந்தே வந்தவன். படையிலே சேர்ந்து படிப்படியாய் உயர்ந்து பேரரசன் ஆனவன். அவனுக்கு எழுதத் தெரியாது, எழுத்து வெட்டிய மரப்பலகையை வைத்துக் கையொப்பம் இட்டான் என்று மறைநூல் எள்ளி நகையாடுகிறது. உழவன் மகனுக்கு எழுத்தறிவு கிட்டாமற் போனது யார் குற்றம் என்ற கேள்வி அந்த எழுத்தாளன் மனத்தில் எழவே இல்லை. அவனுடைய கோபம் கொடுங்கோன்மைமீது மட்டும் அன்று. பிறப்பிலே தாழ்ந்தோர் மேலே வந்துவிட்டனரே என்பதுமாகும். மன்னனைத் திட்டுகிறவனெல்லாம் மக்களின் தோழன் அல்லன்!

இதற்கு ஒரு சோதனை. 532-ஆம் ஆண்டு சனவரியில் தலைநகரில் பெருங்கலகம் மூண்டது. வெற்றி எனப் பொருள்படும் நிகா என்பதே கலகக்காரர் முழக்கம். அதுவே கலகத்துக்குப் பெயராயிற்று. மன்னன் ஓட எண்ணினான். தியோடோரா தடுத்து நிறுத்தினாள் என்பர். பெலிசாரியஸும் முண்டஸும் படையோடு பந்தயக் களத்துள் புகுந்து, திரண்டிருந்த மக்களை வெட்டி வீழ்த்தினர். முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் மாண்டனர். இதைக் கூறுவது மறைநூல் அன்று. ஊரறிய வெளியிட்ட போர் வரலாறு! மறைக்க வேண்டிய செய்தியாகவே அது அவனுக்குத் தோன்றவில்லை. மறைநூலிலோ, அந்தக் கலகம் பேசப்படும் இடத்தில் முன்னிற்பது செல்வர் சொத்துப் பறிபோன செய்தி. முப்பதாயிரம் உயிருக்கு அமைதியான நடை. மூதவையினரின் சொத்துக்கு ஆவேச நடை!

அப்படியானால் மறைநூலைக் குப்பையில் எறிவதா? கூடாது. உமியோடு நெல்லையும் கொட்டுவது அறிவாகாது. பிளேக் என்னும் கொள்ளைநோய் 542-இல் தலைநகரைத் தாக்கியபோது அவன் அங்கிருந்தான். எகிப்தின் பெலூசியத்தில் தொடங்கிய நோய் எவ்வாறு கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் பரவியது, கட்டிகள் எங்கெங்கே தோன்றின, பிழைப்பான் என்று மருத்துவர் கூறியவன் மாண்டதும் மாள்வான் என்று கூறியவன் பிழைத்ததும் எவ்வாறு என்று போர் வரலாற்றில் நிரல்படக் கூறுகிறான். காரணம் தெரியாமல் கடவுளைக் காட்டிவிட்டான். ஆயினும் கண்டதை மறைக்கவில்லை. நம் காலத்தில், அந்த நூற்றாண்டுப் புதைகுழி எலும்புகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், பிளேக் கிருமியின் மரபணுவையே அவற்றில் கண்டனர். பேய்க்கதை எழுதிய அதே கைதான் கண்ணால் கண்டதை எழுதியபோது, ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து ஆய்வுக்கூடம் அதற்குத் துணை நிற்கிறது.

அந்த நோயால் ஊர்கள் வெறிச்சோடியபின் நடந்ததை மறைநூல் கூறுகிறது. உழவர் மாண்டனர், நிலம் தரிசானது, வரி மட்டும் மாளவில்லை! உயிர் பிழைத்தவன் தன் நிலத்து வரியோடு, செத்துப்போன அண்டை நிலத்தவனின் வரியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இங்கே பேயில்லை, முண்டமில்லை, இலட்சம் கோடியில்லை. கைவிடப்பட்ட நிலத்தின் வரியை மற்றவர் தலையில் சுமத்தும் முறை இருந்தது என்பதற்கு, அதனை ஒழுங்குபடுத்த 545-இல் ஜஸ்டினியனே பிறப்பித்த சட்டம் சாட்சி. மருத்துவர்க்கும் ஆசிரியர்க்கும் நகரங்கள் தந்துவந்த ஊதியம் நிறுத்தப்பட்டது என்றும் மறைநூல் குற்றஞ்சாட்டுகிறது. கோயிலுக்குப் பொன் இருந்தது. கற்பிப்பவனுக்குக் கூலி இல்லை! நம்மைப் பொறுத்தவரை, முண்டம் நடந்த கதை ஆயிரத்தைவிட இந்த வரிச்செய்தி ஒன்று வலிமை வாய்ந்தது. ஜஸ்டினியனைப் பேயாக்கியதால் புரோகோப்பியஸ் அவனைக் கூண்டில் ஏற்றவில்லை, தப்பவிட்டான். பேயை மந்திரவாதி ஓட்டிவிடலாம். வரித்திட்டத்தை மக்கள்தான் மாற்ற வேண்டும். தீமைக்குப் பேய் காரணம் என்றால் ஆட்சிமுறை குற்றமற்றதாகிவிடுகிறது.

அவனைக் கோழை என்று எளிதில் ஏசிவிடவும் நமக்கு மனமில்லை. ஒற்றர் நிறைந்த நகரம். வெளிப்பட்டால் கொடிய சாவு என்று மறைநூலின் தொடக்கத்திலேயே கூறுகிறான். உண்மை பேச மேடையும், அச்சமின்றி எழுத ஏடும், மறுத்துரைக்க மாற்றாரும் இல்லாத நாட்டில், உண்மை இருட்டறைக்குள் ஒதுங்குகிறது. இருட்டறையில் அது வதந்தியோடு கூடிப் பேய்க்கதையைப் பெறுகிறது. வெளிச்சத்தில் முகமன், இருட்டில் வசை. அந்த இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டிய விமரிசனத்துக்கு அந்தப் பேரரசில் இடமில்லாமற் போயிற்று. எழுத்துரிமை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தோழர்களே! எந்த ஏட்டை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். சொல்பவன் எங்கே நின்று சொல்கிறான்? அவன் சொல்லுக்கு வேறு சான்று உண்டா? அவன் கோபம் செயல்மீதா, பிறப்புமீதா? பகைவனின் ஏட்டுக்கு மட்டும் அன்று, நம் ஏட்டுக்கும் இதே கேள்விகள். பிடிக்காத பொய்யை மறுப்பது எவர்க்கும் எளிது. பிடித்த பொய்யை மறுப்பவனே பகுத்தறிவாளன்.